ஒலிம்பிக் பதக்கமே இல்லாத கிம் யோன் கியோங்கை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

"மூன்று ஒலிம்பிக் ஆடியும் ஒரு வெண்கலம்கூட இல்லை. அப்படியிருக்க கொரியாவின் கிம் யோன் கியோங்கை எந்தக் கணக்கில் உலகின் தலைசிறந்த வாலிபால் வீராங்கனைகளில் ஒருவர் என்கிறார்கள்? காசு வாங்கி ஆடும் ஒரு வாலிபால் வீராங்கனையின் வாழ்க்கை நிஜத்தில் எப்படித்தான் ஓடும்?" இதுதான் கேள்வி. நியாயமான கேள்விதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அவர் கோர்ட்டில் என்ன வேலை பார்த்தார் என்பதைப் பார்த்துவிடுவோம், அது புரியாமல் புள்ளிக் கணக்கை மட்டும் வைத்துப் பேசிப் பிரயோஜனமில்லை. ஒரு அணியில் பலமாக அடிக்கும் உயரமான ஆள் ஒருவர் இருந்தால் எதிரணி செய்யும் முதல் காரியம், சர்வீஸை அவர் மேலேயே போடுவது. பந்தை வாங்க அவர் குனிய வேண்டும், தடுமாற வேண்டும், பிறகு எழுந்து ஓடி வந்து குதிப்பதற்குள் செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிப் போட்டுக் கொடுப்பவர்) வேறு ஆளைத் தேட வேண்டும் என்பது திட்டம். இதனால்தான் நிறைய அணிகள் தங்கள் பெரிய அடிக்காரரை வலது பக்கம் நிறுத்தி, ரிசீவ் வேலையே கொடுக்காமல் காப்பாற்றி வைப்பார்கள். கிம் ஆடியது இடது பக்கம். 192 செ.மீ. உயரத்தை வைத்துக்கொண்டு சர்வீஸையும் வாங்கி, அடுத்த இரண்டு நொடியில் நெட்டில் கை தூக்கித் தடுக்கும் மூன்று ஆள் பிளாக்குக்கு மேலே அடிக்கவும் வேண்டும், பின்வரிசைக்குப் போனாலும் அங்கிருந்தே பாய்ந்து அடிக்க வேண்டும். இரண்டையும் உலகத் தரத்தில் செய்த இந்த உயரப் பெண்கள் அவருடைய காலத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்.

இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், சிறு வயதில் அவர் குள்ளமாக இருந்ததிலிருந்துதான். 1988ல் பிறந்து சோல் நகரத்துக்குப் பக்கத்தில் அன்சானில் வளர்ந்தவர். மூன்று பெண்களில் கடைக்குட்டி, பெரிய அக்கா வாலிபால் ஆடப் போனதைப் பார்த்துப் பின்னாலேயே போனவர். நடுநிலைப் பள்ளி முடிக்கும்போதும் 170 செ.மீ.யைத் தொடவில்லை. வாலிபாலை விட்டுவிட்டு கால்பந்துக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். நெட்டுக்குப் பக்கத்தில் வேலை இல்லாத பிள்ளையாக இருந்ததால் செட்டர், லிபரோ (பின்வரிசையில் பந்தை வாங்க மட்டும் நிற்பவர்) என்று எது கிடைத்தாலும் ஆடி, பந்தைக் கையில் வாங்குவதை முறையாகப் பழகிவிட்டார். அப்புறம் உயர்நிலைப் பள்ளியின் மூன்று வருடங்களில் கிட்டத்தட்ட 20 செ.மீ. வளர்ந்துவிட்டார். சின்ன ஆளின் கை நேர்த்தியும் பெரிய ஆளின் உயரமும் ஒரே உடம்பில் சேர்ந்தது அப்படித்தான்.

2005ல் கொரியத் தொழில்முறை லீக் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. அங்கே கிளப் என்றால் பெரும்பாலும் ஒரு கம்பெனி: இன்ஷூரன்ஸ், கட்டுமானம், பெட்ரோல், வங்கி, நெடுஞ்சாலைத்துறை, ஜின்செங் விற்பவர் என்று ஆளுக்கொரு அணி வைத்திருக்கிறார்கள். முந்தைய சீசனில் கடைசி இடத்தில் கிடந்த ஹுங்குக் இன்ஷூரன்ஸ் அணி, டிராஃப்டில், அதாவது புதுமுகங்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளாகக் கிம்மை எடுத்தது. அந்த சீசனே சாம்பியன். சிறந்த புதுமுகம், லீக்கின் சிறந்த வீராங்கனை, இறுதித் தொடரின் சிறந்த வீராங்கனை மூன்றும் அவருக்கே, வயது 18. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் லீக்கின் சிறந்த வீராங்கனை விருதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இதற்கிடையிலேயே முழங்காலில் அறுவைச் சிகிச்சைகளும் நடந்தன. இருபது வயதுக்குள் கத்தி பட்ட முழங்காலோடு 37 வயது வரை குதித்தவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

2009ல் ஜப்பானின் ஜேடி மார்வெலஸுக்குக் கடனாகப் போனார். கடனாக என்றால், ஆள் அங்கே ஆடுவார், உரிமை பழைய கிளப்பிடமே இருக்கும். இந்த விவரம் பின்னால் பெரிய வம்பாக வரும். ஜேடியில் அவருக்குப் பந்து போட்டுக்கொடுத்த செட்டர் யோஷியே தகேஷிதா, 159 செ.மீ. உயரம்தான், ஆனால் ஜப்பான் தேசிய அணியின் மூளை. இருவரும் சேர்ந்ததும் அணி தொடர்ச்சியாக 25 ஆட்டங்களை வென்றது. அந்த வருடம் பட்டம் நழுவினாலும் அடுத்த வருடம் வாங்கிவிட்டார்கள்.

2011ல் இஸ்தான்புல், ஃபெனர்பாச்சே. பெண்கள் வாலிபாலில் பெரிய பணம் புழங்கும் இடம் துருக்கி, அதிலும் பெரிய மூன்று கிளப்புகளும் அந்த ஒரே ஊரில் இருக்கின்றன. போன முதல் சீசனிலேயே ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கை ஃபெனர்பாச்சே வென்றது. இறுதிப் போட்டியில் பிரான்சின் கான் அணியை 3-0. தொடரின் சிறந்த வீராங்கனையும் அதிகப் புள்ளி எடுத்தவரும் கிம். ஆசியாவிலிருந்து போன ஒரு பெண் ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் கோப்பையில் இப்படி ஆடுவார் என்று அங்கே யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அப்போது பயிற்சியாளராக இருந்தவர் பிரேசில்காரர் ஜோசே ராபெர்டோ கிமராய்ஸ், பிரேசில் தேசிய அணிக்கும் அவரேதான்.

அடுத்த சில மாதங்களில் லண்டன் ஒலிம்பிக். குரூப் ஆட்டத்தில் கொரியா பிரேசிலை 3-0 என்று வீழ்த்தியது, கடைசியில் தங்கம் வாங்கிய அதே பிரேசிலை. செர்பியாவுக்கு எதிராகக் கிம் 34 புள்ளி. காலிறுதியில் இத்தாலி காலி. அரையிறுதியில் அமெரிக்காவிடம் தோற்று, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிடமும் தோற்றார்கள். ஜப்பானுக்குப் பந்து போட்டது யார்? அதே தகேஷிதா, அதுவும் ஒரு விரல் முறிந்த நிலையில். கொரியா நாலாவது. ஆனாலும் தொடரின் சிறந்த வீராங்கனை விருதை நாலாவது வந்த அணியின் கிம்முக்குத்தான் கொடுத்தார்கள், 207 புள்ளிகளோடு. தங்கம் வாங்கிய அணியில் ஆளே இல்லையா என்ன? இருந்தார்கள். பார்த்தவர்களுக்கு வேறு பெயரைச் சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான். உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு என் பதில் இந்த ஒரு விருதிலேயே முடிந்துவிடுகிறது.

இரண்டாவது பாதிக்கு வருவோம். அதற்கும் 2012தான் சரியான ஆண்டு. கொரிய லீக் விதிப்படி ஆறு சீசன் ஆடினால்தான் ஒரு வீராங்கனை சுதந்திரமாக வேறு கிளப்பைத் தேர்ந்தெடுக்கலாம். கிம் கணக்கில் ஏழு சீசன் ஆகிவிட்டது, அதோடு ஒப்பந்தமும் அந்த ஜூனோடு முடிந்தது, எனவே ஃபெனர்பாச்சேயோடு நேரடியாகக் கையெழுத்துப் போட்டார். ஹுங்குக் சொன்னது: கொரியாவில் நீ ஆடியது நாலு சீசன், வெளிநாட்டில் கடனாக ஆடிய மூன்றும் கணக்கில் வராது, நீ இன்னும் எங்கள் ஆள். வெளிநாட்டு கிளப்பில் ஆட வேண்டுமென்றால் சர்வதேச டிரான்ஸ்ஃபர் சான்றிதழ் வேண்டும், அதற்குச் சொந்த நாட்டு வாலிபால் சங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒலிம்பிக்கின் சிறந்த வீராங்கனை, சீசன் தொடங்கும் நேரத்தில் அந்தத் தாள் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். கிளப் அவரைத் தானாக விலகியவர் என்ற பட்டியலில் சேர்த்தது. தானாக விலகினாராம்! அப்படிச் சேர்த்துவிட்டால் கொரியாவில் வேறு எந்த அணிக்கும் போக முடியாது.

அந்த செப்டம்பரில் கிம், கிளப், சங்கம் மூவரும் உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். அந்தத் தாளையே ஆதாரமாக வைத்துச் சர்வதேச வாலிபால் சம்மேளனம் முதலில் கிளப் பக்கம் தீர்ப்புச் சொன்னது. விஷயம் கொரிய நாடாளுமன்றம் வரை போனது, தற்காலிகச் சான்றிதழில் ஆடினார், மேல்முறையீடு என்று இழுத்து 2014ல்தான் வெளிநாட்டைப் பொறுத்தவரை விடுபட்டார். நான் இதில் கிளப்பை முழு வில்லனாக்க மாட்டேன், விதியை எழுதியபோது வெளிநாட்டுக்குப் போகும் அளவுக்கு ஒரு பெண் வருவார் என்று யாரும் யோசித்திருக்கவில்லை, அதனால் விதியில் அதற்கு இடமே இல்லை. ஆனால் 24 வயதுப் பெண்ணை எதிரில் உட்கார வைத்துவிட்டு ஒரு கம்பெனியும் ஒரு சங்கமும் ஒரே பக்கம் உட்கார்ந்ததை மறக்கவும் முடியவில்லை.

அதே சங்கத்தின் கவனிப்பு எப்படி என்பதற்கு இரண்டு சம்பவம் போதும். 2014 இன்சியான் ஆசியப் போட்டியில் சீனாவை 3-0 என்று வென்று தங்கம் வாங்கிய அணிக்குக் கொடுத்த வெற்றி விருந்து ஒரு கிம்ச்சிக் குழம்புக் கடையில். 2016 ரியோவில் அணியோடு மொழிபெயர்ப்பாளர் இல்லை, ஆட்டமும் ஆடி, வெளிநாட்டவரோடு பேசும் வேலையும் கேப்டன் கிம் தலையில். அந்த முறை காலிறுதியில் நெதர்லாந்திடம் தோற்றதும் ஊரில் வசவு விழுந்தது. சக வீராங்கனை ஒருவர் மேல் விழுந்த வசவு இன்னும் கொடுமை.

ஃபெனர்பாச்சேயில் ஆறு சீசன், இரண்டு லீக் பட்டம். பிறகு ஷாங்காய் ஒரு சீசன், லீக் கட்டத்தில் முதலிடம், இறுதித் தொடரில் தியான்ஜினிடம் 4-3 என்று போனது. திரும்ப இஸ்தான்புல், இந்த முறை எக்ஸாஜிபாஷி, அங்கே வெளிநாட்டுக்காரரையே கேப்டனாக்கினார்கள். இந்த வருடங்களில் அவருடைய நாட்காட்டியைப் பாருங்கள்: அக்டோபரிலிருந்து ஏப்ரல், மே வரை கிளப். அது முடிந்த கையோடு தேசிய அணி, வாராவாரம் ஒரு நாட்டில் லீக் ஆட்டம், நடுவில் ஆசியப் போட்டிகள், தகுதிச் சுற்றுகள். செப்டம்பரில் திரும்ப கிளப். ஓய்வு என்று ஒரு மாதம்கூட முழுதாகக் கிடைக்காது. ஆண்டு முழுக்க வேறு மொழி, வேறு சாப்பாடு, காயம் பட்டால் கிளப் மருத்துவர் ஒன்று சொல்வார், தேசிய அணி மருத்துவர் வேறொன்று சொல்வார். ஜனவரி 2020ல் தாய்லாந்தில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று நடந்தபோது வயிற்றுத் தசை கிழிந்துவிட்டது. அதோடு இறுதி ஆட்டத்தில் இறங்கி 22 புள்ளி எடுத்து அணியை டோக்கியோவுக்கு அனுப்பிவிட்டுத்தான் சிகிச்சைக்குப் போனார். சம்பளம் கொடுத்தது துருக்கி கிளப், காயம் பட்டது நாட்டுக்கு ஆடும்போது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள தலைவலி இது.

கொரோனா வந்ததும் ஊர் திரும்பினார். எங்கே ஆடுவது? பழைய பட்டியல் இன்னும் உயிரோடு இருந்ததால் ஹுங்குக் தவிர வேறு கதி இல்லை. அணிக்குச் சம்பள உச்சவரம்பு 230 கோடி வோன், அதில் 100 கோடி ஏற்கெனவே நட்சத்திர இரட்டைச் சகோதரிகளுக்குப் போயிருந்தது. தான் கேட்டு வாங்கினால் இளம் வீராங்கனைகள் வெளியே போக வேண்டிவரும் என்று 35 கோடி வோனுக்கு ஒப்புக்கொண்டார். (கோடி என்றதும் மிரள வேண்டாம், நம் கணக்கில் அப்போது இரண்டு கோடி ரூபாய்ச் சொச்சம்தான். துருக்கியில் வாங்கியதோடு வைத்துப் பார்த்தால் ரொம்பக் குறைவு.) தோற்கவே தோற்காத அணி என்று எல்லோரும் சொன்ன அந்த அணி, பிப்ரவரியில் இரட்டையர் மேல் பள்ளிக்கால வன்முறைப் புகார் வெடித்ததும் சிதறிப்போனது. மிச்சம் இருந்தவர்களை இழுத்துக்கொண்டு இறுதித் தொடர் வரை வந்து ஜிஎஸ் கால்டெக்ஸ் அணியிடம் தோற்றார்.

டோக்கியோவுக்கு அந்த இரட்டையர் இல்லாத அணிதான் போனது. யாரும் எதுவும் எதிர்பார்க்கவில்லை. டொமினிகன் குடியரசோடு ஆடும்போது டைம் அவுட்டில் அவர் கத்தியது மைக்கில் விழுந்தது: "செஞ்சு பாப்போம், செஞ்சு பாப்போம், பின்னால வருத்தப்படக் கூடாது." அந்த ஆட்டத்தில்தான் அவருடைய வலது தொடையின் படம் வந்தது, டேப் ஒட்டியிருந்த இடத்தில் ரத்த நாளங்கள் உடைந்து செக்கச்செவேலென்று கோடு கோடாக. இரண்டு நாள் கழித்து ஜப்பான். ஐந்தாவது செட், 12-14, ஜப்பானுக்கு இன்னும் ஒரே புள்ளி. அங்கிருந்து நாலு புள்ளி வரிசையாக எடுத்து 16-14. கிம் 30 புள்ளி, ஒலிம்பிக்கில் அவருக்கு இது நாலாவது முப்பது, அதுவரை யாரும் செய்யாதது. ஆனால் முடிவு நேரத்தில் அடித்து முடித்தவர் பார்க் ஜியோங் ஆ, ரியோவில் மேலே சொன்ன வசவு முழுவதையும் வாங்கியவர் அவரேதான். எல்லாரும் கிம்மையே மறிக்கப் போனதால் பார்க்குக்கு இடம் கிடைத்தது என்பதும் உண்மை, அந்த இடத்தைப் பயன்படுத்த நெஞ்சழுத்தம் வேண்டும் என்பதும் உண்மை.

காலிறுதி துருக்கியோடு. எதிரணி கேப்டன் எடா எர்டெம், ஃபெனர்பாச்சேயில் கிம்மோடு ஆறு வருடம் ஆடியவர். கிளப் வாழ்க்கையின் விசித்திரம் இது, வருடம் முழுக்க ஒன்றாகச் சாப்பிட்ட ஆளை ஒலிம்பிக்கில் அழ வைக்க வேண்டியிருக்கும். ஐந்தாவது செட்டில் 15-13 என்று கொரியா வென்றது. அப்போது துருக்கியில் காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தது, அழுத துருக்கி வீராங்கனைகளைப் பார்த்த கொரிய ரசிகர்கள் அந்த நாட்டுக்கு மரக்கன்றுகளுக்காகப் பணம் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். பிறகு பிரேசிலிடமும் செர்பியாவிடமும் 3-0, 3-0 என்று தோல்வி, திரும்பவும் நாலாவது. அந்த ஆகஸ்டிலேயே தேசிய அணியிலிருந்து விலகினார்.

அதன் பிறகு கொரிய அணிக்கு என்ன ஆனது என்று பார்த்தால் உங்கள் சந்தேகம் இன்னும் தீரும். 2022, 2023 இரண்டு ஆண்டுகளும், தேசிய அணிகள் ஆண்டுதோறும் மோதும் நேஷன்ஸ் லீக்கில் 12க்கு 12 தோல்வி. பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதியே பெறவில்லை. 2025ல் கடைசி இடம் பிடித்து லீக்கிலிருந்தே வெளியே போய்விட்டது. எல்லாம் ஒரே ஆள் போனதால் வந்தது என்று சொல்ல மாட்டேன், கூடவே நடுவரிசை மூத்த வீராங்கனைகளும் போனார்கள், அடுத்த தலைமுறையைத் தயார் செய்யவில்லை. இருந்தாலும் அந்த ஓட்டைகளை இத்தனை வருடம் யார் அடைத்துக்கொண்டிருந்தார் என்பது வெளியே தெரிந்துவிட்டது.

ஷாங்காயில் ஒரு குறுகிய சீசன் ஆடிவிட்டு 2022ல் மறுபடி ஹுங்குக். நடுவிலேயே பயிற்சியாளரை நீக்கினார்கள், குழப்பம். 2023 இறுதித் தொடரில் 2-0 என்று முன்னிலையில் இருந்து, நெடுஞ்சாலைத்துறை அணியிடம் 3-2 என்று தோற்றார்கள், கொரிய லீக் இறுதியில் அப்படித் திரும்பியது அதுவே முதல் முறை. அந்த சீசனோடு அவருடைய உள்நாட்டுக் கணக்கில் ஆறு சீசன் முடிந்தது. 2005ல் ஆட வந்தவர், ஐரோப்பாவை வென்றவர், சொந்த நாட்டில் தன் கிளப்பைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையை முதல் முறையாகப் பெற்றது 2023ல், 35 வயதில். பெற்று என்ன செய்தார்? அதே ஹுங்குக்கோடு ஒரு வருடத்துக்கு 77.5 கோடி வோனுக்குக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை என்றால் போகாமல் இருக்கும் உரிமையும் சேர்த்துத்தான்.

2024 இறுதியிலும் தோல்வி. பிப்ரவரி 2025ல் இதுதான் கடைசி சீசன் என்று அறிவித்தார், மற்ற அணிகள் தங்கள் ஊர் அரங்கிலேயே அவருக்கு வழியனுப்பு விழா வைத்தன. ஏப்ரல் 8, இன்சியான், இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம், ஐந்தாவது செட், 15-13ல் பட்டம். 37 வயதில் 34 புள்ளி. கொரியாவில் ஆடியது மொத்தம் எட்டு சீசன்: எட்டிலும் இறுதித் தொடர், அதில் நாலு பட்டம், ஏழு முறை லீக்கின் சிறந்த வீராங்கனை.

இப்போது அவருடைய 10ஆம் எண்ணை ஹுங்குக் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. தொழில்முறை அணிகள் கழித்துவிட்ட பெண்களைச் சேர்த்து அவர் பயிற்சி கொடுக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று 2025ல் வந்தது, அதில் அவர் கத்துவதைக் கேட்டாலே நல்ல பயிற்சியாளராக வருவார் என்று தெரிகிறது. 2023ல் ஒலிம்பிக் கமிட்டியின் விளையாட்டு வீரர் பிரதிநிதிக்கான கொரிய வேட்பாளராக நிற்கப் பார்த்தார், அந்த வாய்ப்பு கோல்ஃப் வீராங்கனை பார்க் இன் பிக்குப் போனது. என்னைக் கேட்டால் பயிற்சி வேலையைவிட அவர் வாலிபால் சங்கத்தின் நிர்வாகத்துக்குள் போவதுதான் நல்லது, அங்கே டிரான்ஸ்ஃபர் விதிகளை அவ்வளவு அடிபட்டுப் படித்தவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.